சாவின் முன் ஒரு பாட்டு

கதையிலே ஒரு பாத்திரம் சாவை எதிர்கொள்ளும்போது ஆசிரியன் அதன் வாயில் எந்தப் பாட்டை வைக்கிறான்? அவனுடைய கலையுள்ளத்தை மதிப்பிட இதனினும் நல்ல உரைகல் இல்லை என்பது என் எண்ணம்.

வீரம் என்றதும் முரசும் படைப்பாட்டுமே நம் நினைவுக்கு வருகின்றன. புறநானூற்றையும் பரணியையும் முதுசொமாகப் பெற்ற நமக்கு அது இயல்பே. ஆனால் ஐரோப்பியப் பெருநாவல்கள் இரண்டு வேறொரு வழியைக் காட்டுகின்றன.

முதலாவது, விக்டர் ஹியூகோ 1862 இல் வெளியிட்ட நாவல். சுத்தானந்த பாரதியாரின் ‘ஏழை படும் பாடு’ வாயிலாக நமக்கும் உறவானது. 1832 ஆம் ஆண்டுப் பாரிஸ் கிளர்ச்சி. தோழர்களிடம் தோட்டாக்கள் அருகிவிட்டன. தெருச் சிறுவன் கவ்ரோஷ் கூடையுடன் தடையரணுக்கு வெளியே சென்று, இறந்துகிடக்கும் படையினரின் பைகளிலிருந்து தோட்டாக்களை எடுக்கிறான். எதிரே நிற்போர் சுடுகின்றனர். அவனோ பாடியே மறுமொழி தருகிறான். என்ன பாட்டு? தாய்நாடும் அதில் இல்லை, தியாகமும் இல்லை. கேடுகளுக்கெல்லாம் வோல்தேரும் ரூசோவுமே காரணம் என்று புலம்பிய பழைமைவாதிகளை நையாண்டி செய்யும் தெருப்பாட்டு அது. குண்டுபட்டு வீழ்ந்தவன் எழுந்திருந்து மீண்டும் பாடுகிறான். பாட்டு முடியுமுன் அடுத்த குண்டு அவன் குரலை அறுத்துவிடுகிறது.

மற்றையது, ஜேர்மன் எழுத்தாளர் தோமஸ் மான் 1924 இல் வெளியிட்ட ‘மாயமலை’. மலைமேல் காசநோய்ச் சிகிச்சை நிலையமொன்றில் ஏழாண்டுகள் கழித்த இளைஞன் ஹான்ஸ் கஸ்டோர்ப், 1914 இல் மூண்ட போரிலே, சேற்றில் இடறியபடி முன்னேறுகிறான். அவன் வாய் தன்னையறியாமல் முணுமுணுப்பது சூபேர்ட் இசையமைத்த பாட்டு. கிணற்றடி மரநிழலுக்கு இளைப்பாற அழைக்கும் பாட்டு. முன்பு இசைத்தட்டில் கேட்டு அவன் மனம் பறிகொடுத்தது. அவன் பிழைப்பானா என்று சொல்லாமலே ஆசிரியர் விடைபெறுகிறார்.

படைப்பாட்டின் ஆற்றலை நான் மறுக்கவில்லை. 1792 இல் பிறந்த பிரெஞ்சு நாட்டுப்பண் படைகளை நடத்திச் சென்றது வரலாறு. ஆயின் அணிவகுப்புக்குக் கூட்டம் வேண்டும். நாவலின் வாசகனோ தனித்திருப்பவன். கூட்டத்தின் ஆவேசம் அவனை எட்டாது. சாவின் வாயிலிலும் ஒருவன் தன் இயல்பை இழக்காது நிற்பதே அவன் நெஞ்சைத் தொடும். கவ்ரோஷ் இறுதிவரை குறும்புக்காரச் சிறுவனாகவே இருக்கிறான். அவன் வீரம் அதுவே.

2009 இல் முடிந்த போரை இன்று கதையாக்கும் நம் எழுத்தாளர்க்கு இது முக்கியமான செய்தி. உயிர்விடும் பிள்ளையின் வாயில் நீண்ட முழக்கத்தைத் திணிக்கும்போது, அந்தப் பிள்ளையை நாம் இரண்டாம் முறையும் இழக்கிறோம். அவன் அறிந்த பாட்டு எது? தாயின் தாலாட்டா, அரிவிவெட்டுப் பாட்டா, வானொலியில் கேட்ட திரைப்பாட்டா? அதைத் தேடிக் கண்டடைவதே எழுதுவோன் கடமை.

ஆசிரிய அன்பர்களுக்கும் ஒன்று சொல்வேன். வீரப்பாட்டு எதனைக் கற்பித்தாலும், மாணவரை ஒரு கேள்வி கேட்கப் பழக்குங்கள்: இதைப் பாடுகிறவன் தானே சாவின் முன் நிற்கிறானா, அன்றிப் பிறரை அங்கே அனுப்பிவைக்கிறானா?