யாழ்ப்பாணத்தில் விழாத ஓட்டு



"யார் வந்தாலும் ஒண்ணுதான், ஓட்டுப் போடாம இருக்கிறதும் ஒரு எதிர்ப்புதான்" என்று குடும்பக் குழுவில் இரண்டு நாளாகப் பேச்சு. என்னிடம் படித்தவர்களும் தலையாட்டுவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

இலங்கையைப் பாருங்கள். 2005 நவம்பர் 17, அதிபர் தேர்தல். மகிந்த ராஜபக்சவுக்கு 50.29 சதவீதம், ரணிலுக்கு 48.43. வித்தியாசம் சுமார் 1,80,000 ஓட்டு. யாழ்ப்பாணத்தில் பட்டியலில் இருந்தவர்கள் ஏறக்குறைய 7 லட்சம். பலர் ஊரைவிட்டே போயிருந்தார்கள், சரி. ஆனாலும் ஓட்டுப் போட்டது நூற்றுக்கு ஒருவர்தான். அங்கே பாதியைத் தாண்டினால்தான் வெற்றி. ராஜபக்ச தாண்டியது 29,000க்கும் குறைவு. இன்னும் 60,000 பேர் ரணிலுக்குப் போட்டிருந்தால் அவர் பாதிக்குக் கீழே இறங்கி, இரண்டாம் விருப்பு வாக்கை எண்ண வேண்டி வந்திருக்கும். கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ரணில் வந்திருந்தால் போரே நடந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. அந்த மக்களையும் குறை சொல்லவில்லை. புலிகளின் புறக்கணிப்பை மீறிச் சாவடிக்குப் போக யாருக்குத் துணிச்சல் வரும்? உங்களை யார் தடுத்தார்கள்?

2015 ஜனவரி 8இல் அதே யாழ்ப்பாணம் வரிசையில் நின்றது. சிறிசேனாவுக்கு அங்கே 74 சதவீதம், மட்டக்களப்பில் 81. நாடு முழுக்க வித்தியாசம் சுமார் 4,49,000. தமிழர்கள் மட்டுமே ராஜபக்சவைத் தோற்கடித்ததாக மார்தட்டுவதும் தப்பு. 2010இல் அவருக்கு விழுந்த பொலன்னறுவை இந்த முறை சிறிசேனா பக்கம் சாய்ந்தது. அது சிறிசேனாவின் சொந்த மாவட்டம். ஆனால் வடக்கும் கிழக்கும் 2005 போல வீட்டிலேயே இருந்திருந்தால்?

"அது சின்ன நாடு சார்" என்பீர்கள். அமெரிக்காவில் 2000இல் புளோரிடாவில் புஷ் ஜெயித்தது 537 ஓட்டில். அதுதான் அவரை அதிபராக்கியது. நம்ம ராதாபுரம், 2016இல் 49 ஓட்டு. தி.நகர், 2021இல் 137. பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறினால் எட்டுகிற தூரம். 137 பேர் என்றால் நம்ம திருநீர்மலையில் ஒரு தெரு.

யாரையுமே பிடிக்கவில்லையா, 2013 முதல் நோட்டா இருக்கிறது. போய் அதை அழுத்துங்கள், எண்ணிக்கையில் வரும். வீட்டில் படுத்துத் தூங்கியவனையும் எதிர்த்துப் புறக்கணித்தவனையும் எந்தக் கணக்கிலும் பிரித்துக் காட்ட முடியாது.

மேடவாக்கம், மடிப்பாக்கம் என்று வீடு மாறியவர்கள் படிவம் 8 கொடுத்தாயிற்றா? இல்லையென்றால் இந்த வாரமே கொடுங்கள். குழுவில் அப்புறம் பேசலாம்.