தமிழே தடுமாறும்போது கௌர்னா எதற்கு?

விபிஎஸ் திட்டக் கூட்டத்தில் ஒரு அம்மா கேட்டார்கள்: "நம்ம பிள்ளைங்களுக்குத் தமிழே தடுமாறுது. இதில கௌர்னா பாட்டு எதுக்கு?" நியாயமான கேள்விதான். ஆனாலும் அது வேண்டும் என்றே நினைக்கிறோம்.

நாம் வாழும் அடிலெய்டு, கௌர்னா மக்களின் நிலம். 1838-இல் டிரெஸ்டன் மிஷன் அனுப்பிய டைக்கல்மன், ஷூர்மன் என்ற லுத்தரன் மிஷனெரிகள், மறு ஆண்டே பில்டாவொட்லியில் பள்ளி தொடங்கி, பிள்ளைகளுக்கு அவர்கள் பாஷையிலேயே கற்பித்தார்கள். 1840-இல் இலக்கணமும் சொற்பட்டியலும் அச்சிட்டார்கள். சில ஆண்டுகளுக்குள் அதே மிஷன் தரங்கம்பாடிக்கும் ஊழியர்களை அனுப்பியது. 1845-இல் அரசு பில்டாவொட்லி பள்ளியை மூடி, பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றியது. கௌர்னா பேச்சு மெல்ல அடங்கிப்போனது. இன்று அந்த மக்கள் அதே பழைய புத்தகங்களைக் கொண்டு தங்கள் மொழியை மீட்டு வருகிறார்கள்.

தலையைத் தொட்டு "முகார்ட்டா", பாதத்தைத் தொட்டு "டிட்னா" என்று ஆட்டத்தோடு பாடினால் சிறுபிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். பாட்டோடு பதிந்தது எளிதில் போகாது. பக்கவாதத்தில் பேச்சிழந்தவர்கள்கூடப் பழைய பாட்டில் சேர்ந்து பாடுவதை, செவிலியரான நாங்கள் வார்டில் பார்க்கிறோம்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். முகத்தில் வெள்ளைப் புள்ளி வைத்து, நாமாகவே ஒரு நடனம் ஆட வேண்டாம். கௌர்னா ஆசிரியர் ஒருவரை அழைத்து, உரிய ஊதியம் கொடுத்து, அவர் கற்றுத்தருவதை மட்டும் கற்போம்.

பெந்தெகொஸ்தே நாளில் அவரவர் தங்கள் பாஷையிலே கேட்டார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். "நீனா மார்னி?" என்று கௌர்னாவில் நலம் கேட்கப் பழகும் பிள்ளை, ஊரிலிருக்கும் பாட்டியிடம் தமிழில் பேசவும் கூச்சப்படாது. இந்த விடுமுறையில் ஒரு மணி நேரம் ஒதுக்குவோமா?