வரிசையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவன்

எண்பதுகளின் தொடக்கத்தில், நான் கல்வி கற்ற வடபுலப் பாடசாலை ஒன்றில் சாரணர் குழுவுக்குப் புதியவர்களைச் சேர்த்தார்கள். வரிசையில் என் வகுப்புத் தோழன் ஒருவனும் நின்றான். இளம்பிள்ளை வாதத்தினால் இடது கால் சூம்பிப்போனவன். கடற்றொழிலாளியின் மகன் என்பதால் கயிற்றில் முடிச்சுப் போடுவதில் எங்களில் எவரும் அவனுக்கு நிகரில்லை. பொறுப்பாசிரியர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. "தம்பி, நடைபயணம் எல்லாம் உமக்குக் கஷ்டமல்லோ" என்று பரிவோடுதான் சொன்னார். அவன் மறுவார்த்தை பேசாமல் திரும்பிப் போனான். வரிசையில் நின்ற நாங்களும் பேசவில்லை.

அந்த மௌனம் இன்றுவரை என்னை உறுத்துகிறது. கொடுமை செய்தால் எதிர்த்துப் பேச எவரேனும் முன்வருவர். பரிவோடு கதவைச் சாத்தினால் அது கதவடைப்பாகவே எவருக்கும் தெரிவதில்லை.

சாரணியத்தின் பிறப்பை அறிந்தோருக்கு இது விந்தையாகவே தோன்றும். 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் நடத்திய முதல் பரீட்சார்த்த முகாமில் செல்வந்தர் பாடசாலைச் சிறுவர்களும் உழைக்கும் குடும்பத்துச் சிறுவர்களும் ஒரே அணிகளில் கலந்திருந்தனர். கட்டணமோ ஒன்றாக இருக்கவில்லை. முன்னையோருக்கு ஒரு பவுண். பின்னையோருக்கு மூன்று ஷில்லிங் ஆறு பென்ஸ். எல்லோரையும் ஒரே கூடாரத்தில் அமர்த்துவதற்கு எல்லோரிடமும் ஒரே தொகையை அறவிடக்கூடாது என்பது அன்றே விளங்கியிருந்தது.

ஆயினும் அந்த இயக்கமும் பிள்ளைகளைத் தரம் பிரித்தது. 1909 இல் லண்டன் பளிங்கு மாளிகைப் பேரணிக்குச் சிறுமியர் தாமாகவே சீருடையணிந்து வந்து நின்ற பின்னரே, மறு ஆண்டில் அவர்களுக்கென்று தனி அமைப்பு உருவாயிற்று. இந்தியாவில் தொடக்கத்தில் சுதேசிச் சிறுவர்களுக்கு இடமளிக்கப்படாமையால், அன்னி பெசண்ட் அம்மையார் சென்னையில் தனியாக ஒரு சாரணர் சங்கத்தை அமைக்க நேர்ந்தது. வெளியே நின்றவர்கள் தட்டிய பின்னரே கதவுகள் திறந்தன என்பதே வரலாறு.

இலங்கையில் 1912 இல் மாத்தளையில் சாரணியமும், 1917 இல் கண்டியில் பெண் சாரணியமும் வேரூன்றின. நூறாண்டுகள் கடந்துவிட்டன. விதிகளில் இன்று எந்தப் பிள்ளைக்கும் தடையில்லை. தடைகள் வேறிடத்தில் உள்ளன. சீருடை, சப்பாத்து, கழுத்துப்பட்டி, முகாம் கட்டணம் என்று நீளும் பட்டியலைக் கண்டதும் கூலித் தொழிலாளியின் பிள்ளை தானாகவே ஒதுங்கிவிடுகிறது. பாடசாலை விட்ட பின்னர் நடக்கும் பயிற்சிக்கு நின்றால் தோட்டத்துப் பிள்ளைக்கு வீடு திரும்பப் பஸ் கிடையாது. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு மைதானத்துப் படிக்கட்டே எல்லை. செவிப்புலன் குன்றிய பிள்ளைக்கு விசில் ஒலியால் தரப்படும் கட்டளை போய்ச் சேர்வதில்லை.

1991 இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயம் விளையாட்டையும் ஓய்வையும் ஒவ்வொரு பிள்ளையினதும் உரிமை என்கிறது. 2016 இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சமவாயத்தின் 30 ஆம் உறுப்புரை, பாடசாலைக்குள் நடைபெறும் விளையாட்டுக்களிலும் மாற்றுத்திறனுள்ள பிள்ளைகள் ஏனையோருக்குச் சமமாகப் பங்குபற்ற வழிசெய்யுமாறு அரசைப் பணிக்கிறது. ஆகவே இது இரக்கத்தினால் செய்யும் உபகாரமன்று. நிறைவேற்ற வேண்டிய கடப்பாடு.

"பிள்ளைக்கு ஏதேனும் நேர்ந்துவிட்டால் யார் பொறுப்பு?" என்று ஆசிரியர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். போதிய பயிற்சியோ உதவியாளரோ இன்றி ஓர் ஆசிரியரின் தலையில் எல்லாவற்றையும் சுமத்துவது முறையன்று. ஆனால் அந்த அச்சம் பிள்ளையைத் தவிர்ப்பதற்கான காரணமாகிவிடக்கூடாது. நடைபயணப் பாதையை மாற்றலாம். வெளியேறும் மாணவரின் சீருடைகளைச் சேர்த்துவைத்து அடுத்தவருக்கு வழங்கலாம். பயிற்சியைக் கடைசிப் பஸ் புறப்படுவதற்கு முன்னதாக முடிக்கலாம். கொடியசைத்துச் செய்தி அனுப்பக் கற்பித்த இயக்கத்துக்குச் சைகை மொழியைக் கற்பிப்பது கடினமா என்ன?

சாரணர் எடுக்கும் உறுதிமொழி, தன்னால் இயன்றவரை கடமையைச் செய்வதாகவே அமைந்திருக்கிறது. அங்கே அளவுகோல் அந்தந்தப் பிள்ளையின் இயலுமை. பக்கத்தில் நிற்பவனுடைய கால்களின் வேகம் அன்று. என் தோழனைத் திருப்பி அனுப்பிய நாளில் மீறப்பட்டது அந்த உறுதிமொழியே.

புலம்பெயர் நாடுகளில் வாழும் பழைய மாணவர்கள் தாம் படித்த பாடசாலைகளுக்கு வாத்தியக் கருவிகளும் கட்டடங்களும் வழங்கி வருகின்றனர். நன்றிக்குரிய பணி. அடுத்த முறை பணம் அனுப்புமுன் அதிபரிடம் ஒரு கேள்வியையும் கேளுங்கள்: "சாரணர் குழுவில் சேர விரும்பியும் சேர முடியாமற்போன பிள்ளைகள் எத்தனை பேர், எதனால்?" அந்த வரிசையில் நின்றபோது நான் கேட்கத் தவறிய கேள்வி அது.