கோட்டின் விலையும் குன்றின் சரிவும்

கண்டியில் வீடு கட்டப் புகுவோர் மேசனுக்கும் தச்சனுக்கும் நாட்கூலி கொடுக்கத் தயங்குவதில்லை. சீமேந்தின் விலை ஏறினால் நொந்துகொண்டேனும் வாங்குகின்றனர். ஆனால், வீட்டுக்குப் பிளான் கீறித் தரும் படவரைஞரிடம் மட்டும், "நாலு கோடு கீறுவதற்கு இவ்வளவா?" என்று கேட்கின்றனர். இக்கேள்வி சிறிதன்று, வீட்டின் உறுதியே இதில் அடங்கியிருக்கிறது.

எந்த நிறுவனத்திலும் சம்பளம் பெறாது தனித்துத் தொழில் புரியும் படவரைஞர் பலர், சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசுகின்றனர். கணக்குக்கு இது எளிது. சமதரைக்கு ஒருவாறு பொருந்தவுங் கூடும். மலைநாட்டுக்குப் பொருந்துமா? மகாவலிக் கரையின் சமநிலத்தில் 1,000 சதுர அடியில் ஒரு வீடும், ஹந்தானைச் சரிவில் அதே அளவில் மற்றொரு வீடும் எழுவதாகக் கொள்வோம். கூலி இரண்டுக்கும் ஒன்றே; உழைப்போ ஒன்றன்று. சரிவில் காணியின் ஏற்ற இறக்கங்களை அளக்க வேண்டும். வெட்டுமுகங்கள் பலவற்றை வரைய வேண்டும். தாங்குசுவர் எங்கே, மழைநீர் வடியும் வழி எது என்று காட்ட வேண்டும். மண்சரிவு அபாயமுள்ள இடமாயின், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் கூறும் திருத்தங்களையும் செய்தாக வேண்டும். இவற்றுள் எதுவும் சதுர அடிக்குள் அகப்படுவதில்லை.

கூலி பெறாத உழைப்பு நாளடைவில் செய்யப்படாத உழைப்பாகிவிடும். காணியை ஒருமுறையேனும் மிதியாமல், வேறெங்கோ கட்டிய வீட்டின் படத்தை எடுத்துப் பெயரை மாத்திரம் மாற்றிக் கொடுக்கும் சபலம் அங்கேதான் பிறக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போது மலையகத்தில் மண்சரிவுகள் பல உயிர்களைக் கொண்டுசென்றன. அவ்வழிவுக்கெல்லாம் வரைபடத்தைக் குறைகூறுவது பேதைமை. ஆயினும், சரிவை அறியாது கூரை எழுப்பலாகாது என்னும் பாடத்தை நாம் மறக்கலாகுமோ?

கண்டியிலே 1918இல் பிறந்த கட்டடக்கலைஞர் மின்னெட் டி சில்வாவை இங்கு நினைப்பது தகும். வட்டப்புலுவ வீடமைப்புத் திட்டத்தை 1950களில் வகுத்தபோது, அங்கே குடியேற இருந்தவர்களிடம் வினாக்கொத்துக் கொடுத்து, அவர்களின் வாழ்க்கை முறையைக் கேட்டறிந்தே அவர் வீடுகளை அமைத்தார். கேட்பதும் வேலை, நடந்து பார்ப்பதும் வேலை, கோடு அவற்றின் முடிவு மாத்திரமே.

"கணினி வந்தபின் வேலை சுலபமாயிற்றே" என்பர் சிலர். கணினி கோட்டை விரைவாய்க் கீறும். மேட்டில் ஏறிப் பாராது.

ஆகவே படவரைஞர் தம் கூலியை மணிக்கணக்கில் கணிப்பதே முறை. காணியை அளக்கும் நேரம், வரையும் நேரம், திருத்தும் நேரம் மூன்றையும் கூட்டுக. எட்டு மணி உழைப்புக்கு ஒரு மேசனின் நாட்கூலியேனும் அடிவரம்பாகட்டும். போக்குவரத்தும் அச்சுச் செலவும் அதன்மேல் சேரட்டும். இரண்டு திருத்தங்கள் கூலிக்குள் அடங்கும், மூன்றாவதற்குத் தனிக்கூலி, தொடங்குமுன் மூன்றிலொரு பங்கு முற்பணம் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டால் பின்னர் மனக்கசப்புக்கு இடமில்லை.

ஏழை வீட்டுக்காரர் என் செய்வார் என்ற கேள்வி நியாயமானதே. அவரிடம் கூலியைத் தவணையாகப் பெறலாம். வீட்டின் அளவைச் சுருக்கிக்கொள்ளும்படி ஆலோசனை கூறலாம். காணியை அளக்கும் வேலையைச் சுருக்கலாகாது. மலிவுப் பிளானால் மிகுதியும் துன்புறுபவர், இடிந்த சுவரை மறுபடி எழுப்ப வகையற்ற அந்த ஏழையே அன்றோ!

தொழில்நுட்பக் கல்லூரிகளின் ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். வரையக் கற்பிக்கும் நீங்கள், அவ்வேலையை விலைமதிக்கவும் கற்பியுங்கள். முதல் வேலை கிடைத்தாற் போதுமென்று தன் கூலியைத் தானே வெட்டும் இளைஞன், அடுத்திருக்கும் தோழனின் கூலியையும் வெட்டுகிறான். நாளை அந்தச் சரிவில் உறங்கப்போகும் குழந்தையின் பாதுகாப்பும் அதனுடன் வெட்டுப்படுகிறது.