சோற்றுக்கோப்பையும் சைக்கிளும், நடுவில் ஒரு குளிசையும்

யாழ்ப்பாணத்தில் இருவர் சந்தித்தால், சுகம் விசாரித்த கையோடு "சீனி எவ்வளவு நிற்குது?" என்று கேட்கும் காலம் வந்துவிட்டது. 2018, 2019 ஆம் ஆண்டுகளில் இலங்கை முழுவதிலும் நடத்தப்பட்ட ஆய்வொன்று, வளர்ந்தவர்களில் ஏறத்தாழ 23 வீதத்தினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. பரிகாரமாக ஊரெங்கும் சொல்லப்படுபவை இரண்டு: மாச்சத்தைக் குறை, உடற்பயிற்சி செய். இரண்டும் சரியானவையே. ஆனால் குளிசையோ ஊசியோ எடுக்கும் ஒருவர் இவ்விரண்டையும் எப்படி இணைப்பது என்பதை விளக்குவோர் குறைவு. நான் வைத்தியன் அல்லன், செய்தியாளன். வைத்தியர்கள் சொல்வதை ஊர்வழக்கத்தோடு பொருத்திப் பார்ப்பதே இங்கு என் வேலை.

நம் பாட்டன்மார் பிட்டையும் சோற்றையும் குறைத்து உண்டவர்கள் அல்லர். ஆனால் துலா மிதித்து, புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் நீர் இறைத்து, உண்டதை உழைப்பில் கரைத்தார்கள். வேலை செய்யும் தசை, இன்சுலினின் உதவியைப் பெரிதும் எதிர்பாராமலே குருதியிலுள்ள குளுக்கோசை உள்ளிழுத்துக்கொள்ளும். அந்த நன்மை ஒரு நாளுக்கு மேலும் நீடிக்கக்கூடும். பின்னர் துலா போய் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. போர் முடிந்த 2009 இன் பின் லீசிங்கில் மோட்டார் சைக்கிளும் வந்தது. உழைப்பு குறைந்துவிட்டது, கோப்பையிலுள்ள பிட்டு மட்டும் குறையவில்லை.

இவ்விரண்டின் தொடர்பு புதிய கண்டுபிடிப்பு அன்று. 1870 இல் பிரஷ்யப் படை பாரிஸ் நகரை முற்றுகையிட்டு உணவு அருகியபோது, நீரிழிவு நோயாளர் சிலரின் சிறுநீரில் சர்க்கரை மறைந்ததை புஷார்தா என்ற பிரெஞ்சு வைத்தியர் கவனித்தார். மாச்சத்தைக் குறைக்கச் சொன்னதோடு அவர் நிற்கவில்லை, உடலை வருத்தி உழைக்கவும் சொன்னார்.

இதைப் படிக்கையில் 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடை நம்மவர்க்கு நினைவு வரும். எரிபொருள் இல்லாமல் குடாநாடே சைக்கிளில் ஓடிய காலம் அது. "அப்போது சலரோகம் எங்கே இருந்தது?" என்று கேட்போர் உண்டு. அந்தப் பேச்சை நான் ஏற்பதில்லை. மின்சாரமே இல்லாத ஊரில் இன்சுலினைக் குளிர்மையாக வைத்திருப்பது எத்தகைய பாடு என்பதை ஊசியில் வாழ்ந்தவர்களே அறிவர். பஞ்சம் வைத்தியமாகாது. முற்றுகை திணித்த அளவை, முற்றுகை இல்லாத காலத்தில் நாமாக விரும்பிக் கைக்கொள்வதே வைத்தியம்.

அளவு என்றதும் பலரும் சோற்றைவிட்டுக் குரக்கன் பிட்டுக்கு மாறுகிறார்கள். குரக்கனில் நார்ச்சத்தும் கல்சியமும் உண்டு. ஆனால் அரிசியைப் போலவே அதிலும் ஏறத்தாழ முக்கால் பங்கு மாச்சத்துத்தான். ஒடியல் மாவும் மாவே. எனவே மாவை மாற்றினால் மட்டும் போதாது, அளவையும் குறைக்கவேண்டும். கோப்பையின் பாதியை முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், கத்தரி, பயற்றங்காய் போன்றவற்றுக்கும், காற்பங்கை மீனுக்கோ பருப்புக்கோ கொடுத்து, மீதிக் காற்பங்கைச் சோற்றுக்கு விடலாம். இதற்கு வெளிநாட்டுச் சாமான் எதுவும் தேவையில்லை.

ஆபத்து வேறோரிடத்தில் இருக்கிறது. லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ பிள்ளை தொலைபேசியில் சொல்கிறார்: "அப்பா, சோற்றை முழுதாக நிறுத்துங்கோ, காலையில் ஒரு மணித்தியாலம் நடவுங்கோ." அன்பினால் சொல்வதுதான். அப்பாவும் மறுநாளே தொடங்குகிறார். ஆனால் அவர் போடும் இன்சுலின், மூன்று நேரமும் சோறு உண்ட மனிதருக்கு எழுதிக்கொடுத்த அளவு. கிளிக்கிளசைட் போன்ற குளிசைகளும் அவ்வாறே. உணவும் குறைந்து உழைப்பும் கூடியபின் மருந்து மட்டும் பழைய அளவில் நின்றால், சீனி 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம், கடைசியில் மயக்கம். தனியாக வாழும் முதியவருக்கு இது உயிராபத்து. இரவில் உறக்கத்திலும் இது வரலாம். மெற்போமின் மட்டும் எடுப்பவருக்கு இவ்வபாயம் மிகக் குறைவு. எம்பாகிளிபுளோசின் வகைக் குளிசை எடுப்பவர் மாச்சத்தை அடியோடு நிறுத்தினால், சீனி அதிகம் ஏறாமலே குருதி அமிலமாகும் ஆபத்து உண்டு. சிறுநீரகம் பழுதுபட்டவர், சோற்றுக்குப் பதிலாக மீனையும் முட்டையையும் கூட்டுமுன் வைத்தியரைக் கேட்கவேண்டும்.

ஆகவே வரிசை முக்கியம். உணவை மாற்றுமுன் கிளினிக்கில் சொல்லி மருந்தின் அளவைத் திருத்துங்கள். பின்னர் சோற்றைப் படிப்படியாகக் குறையுங்கள். உணவின்பின் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பதோடு தொடங்குங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரத்துக்கு 150 நிமிடம் என்ற அளவை மெல்ல எட்டலாம். சட்டைப்பையில் குளுக்கோசோ சீனியோ இருக்கட்டும். தடுமாறினால் 15 கிராம் உட்கொண்டு 15 நிமிடத்தின்பின் மீண்டும் சோதியுங்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர் வெறுங்காலுடன் நடக்கலாகாது. நல்லூர்த் திருவிழா மணலின் சூடு அவர்களுக்குத் தெரியாது, கொப்புளம் மட்டும் வரும். கந்தசஷ்டி விரதம் பிடிப்பவரும் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

2022 இல் பெற்றோல் இல்லாதபோது சைக்கிள்கள் மீண்டும் வீதிக்கு வந்தன. பெற்றோல் வந்ததும் பல சைக்கிள்கள் திண்ணைக்குத் திரும்பிவிட்டன. அவற்றை மறுபடி இறக்குவதில் செலவில்லை. கிளினிக்குகளில் சீனியின் அளவைக் குறிக்கும்போதே "என்ன சாப்பிடுகிறீர்கள், எவ்வளவு நடக்கிறீர்கள்?" என்றும் கேட்டுக் குறித்துக்கொண்டால் பல மயக்கங்களைத் தவிர்க்கலாம். வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: சோற்றை நிறுத்தச் சொல்லுமுன், அப்பா என்ன குளிசை போடுகிறார் என்று கேளுங்கள்.