மனைவிக்கு ஒரு துப்பாக்கி

மனைவிக்குப் புடவை எடுக்கக் கடைக்குப் போய் வெற்றியுடன் வீடு திரும்பிய கணவன்மார் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியாது. அந்தக் காரியத்துக்கே தைரியம் போதாத நமக்கு, மனைவிக்குத் துப்பாக்கி எடுக்கப் போவதாக நண்பர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார்.

நண்பர் இருப்பது அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்தில். அவர் மனைவி அந்த மலைநாட்டிலேயே பிறந்து வளர்ந்த பெண்மணி. எல்க் என்னும் பெரிய மானை வேட்டையாட வேண்டுமென்று அவருக்கு ஆசை. நம் நாட்டில் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இந்தப் பேச்சுக்கு இடமில்லை. அது நல்லதே என்பதுதான் நம் கட்சி. அங்கேயோ சீட்டு வாங்கிக் கொண்டு குறித்த பருவத்தில் வேட்டையாடலாம். 1949 ஜனவரி முதல் தேதியிலோ அதற்குப் பின்போ பிறந்தவராயின், வேட்டைப் பாடம் படித்துத் தேறியிருக்கவும் வேண்டும். சுட்ட பிராணியின் மாமிசத்தை வீணாக்குவது குற்றம்.

நண்பர் தேர்ந்தெடுத்திருந்தது ‘300 வின்செஸ்டர் மாக்னம்’ என்ற ரகம். “700 ராத்தல் எடையுள்ள மிருகத்துக்குப் பெரிய துப்பாக்கிதானே வேண்டும்?” என்று கேட்டிருந்தார். கேள்வி நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால், துப்பாக்கி ஒரு முனையில் மானைச் சுடுகிறது; மறுமுனையில் சுடுகிறவரின் தோளை உதைக்கிறது. நண்பர் முதல் முனையை மட்டும் யோசித்திருக்கிறார்.

சுமார் 8 ராத்தல் துப்பாக்கியில் அந்த மாக்னம் தோட்டாவின் உதை 25 அடி-ராத்தல் அளவுக்கு வரும். ‘7 எம்.எம். 08’ என்னும் தோட்டாவுக்கு அதில் ஏறக்குறையப் பாதிதான். புதிதாகச் சுடக் கற்பவர் பெரிய உதையை இரண்டு முறை வாங்கினால், மூன்றாவது வேட்டுக்கு முன்பே உடம்பு உஷாராகிவிடும். விசையை அழுத்தும் அந்தக் கணத்தில் கண் மூடும், தோள் பின்வாங்கும், குழல் சற்றே விலகும். நூறு கஜ தூரத்தில் அந்தச் ‘சற்றே’ ஒரு சாணாகிவிடும். நெஞ்சில் பாய வேண்டிய குண்டு வயிற்றில் பாயும். மான் விழாது, ஓடும். எங்கேயோ ஒரு புதரில் மணிக்கணக்காகத் துடித்துச் சாகும். இந்தப் பழக்கம் ஒரு முறை படிந்துவிட்டால் பிறகு போக்குவது மகா கஷ்டம். பெரிய துப்பாக்கி இரக்கமுள்ள துப்பாக்கி என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கொலராடோ சட்டமே எல்க் வேட்டைக்குக் குழலின் வாய் 24 காலிபர், அதாவது 6 மில்லிமீட்டர், இருந்தால் போதுமென்கிறது. குண்டின் எடையும் தாக்கும் சக்தியும் மட்டும் குறைந்துவிடக் கூடாது.

பழைய வேட்டைக்காரர்களைப் பாருங்கள். 1907-ல் சம்பாவத் ஆட்கொல்லிப் பெண்புலியைக் கொன்றதற்காக ஜிம் கார்பெட்டுக்கு ஐக்கிய மாகாணத்தில் பரிசாகக் கிடைத்தது 275 ரிக்பி துப்பாக்கி. அதற்குள் போவது 7 மில்லிமீட்டர் மௌஸர் தோட்டா, உதை சொற்பம். ருத்ரப்பிரயாகைச் சிறுத்தை 1926-ல் விழுந்ததும் அதனால்தான். ஆப்பிரிக்காவில் பெல் என்பவர் இதே தோட்டாவைக் கொண்டு நூற்றுக்கணக்கான யானைகளைச் சாய்த்தார். அந்தக் கணக்கை நாம் ரசிக்கவில்லை, தோட்டாவின் திறமைக்காகச் சொல்கிறோம். அமெரிக்காவில் ஜாக் ஓ’கானர் என்ற பிரபல எழுத்தாளர் 1925-ல் வெளிவந்த 270 வின்செஸ்டர் தோட்டாவின் புகழை ஆயுள் முழுவதும் பாடியவர். ஆனால் அவர் மனைவி எலினார் பெரிதும் விரும்பியதோ அதே பழைய மௌஸர் தோட்டாதான். கணவர் ஊருக்கு உபதேசித்ததை வீட்டில் திணிக்கவில்லை என்று தெரிகிறது.

தோட்டாவைவிட முக்கியம் கட்டை. கடைகளில் விற்கும் துப்பாக்கிகளின் கட்டை பெரும்பாலும் ஆறடி ஆண்பிள்ளையை மனத்தில் வைத்துச் செய்தது. விசையிலிருந்து பின்நுனி வரை சுமார் பதின்மூன்றரை அங்குலம். கை குட்டையானவருக்கு அது தோளில் சரியாக உட்காராது. தலையை முன்னே நீட்டித்தான் குறி பார்க்க வேண்டியிருக்கும். பன்னிரண்டரை அங்குலக் கட்டைகளும் கிடைக்கின்றன. தூரதிருஷ்டிக் கண்ணாடியைப் பொருத்துவதும் அவருடைய கண்ணுக்கு ஏற்றபடி இருக்க வேண்டும். நெருங்கி இருந்தால், உதைக்கும்போது புருவத்தைக் கிழித்துவிடும். பஞ்சுபோல் லேசான துப்பாக்கி மலையேறச் சுகம், ஆனால் உதை அதிகம். உதையைக் குறைக்கக் குழலின் வாயில் மாட்டும் கருவி ஒன்று உண்டு. அது தோளைக் காப்பாற்றிக் காதைக் கெடுக்கும். காதை மூடிக் கொள்ளாமல் எந்தத் துப்பாக்கியையும் பழகக் கூடாது. ஆரம்பத்தில் 22 காலிபர் சிறு துப்பாக்கியில் நூற்றுக்கணக்கில் சுட்டுப் பழகுவது மேல்.

இவ்வளவையும் எழுதிவிட்டு, “கடைக்கு அந்த அம்மாளை அழைத்துக் கொண்டு போங்கள், நீங்கள் பேசாமல் நில்லுங்கள்” என்று முடித்தோம்.

சென்ற வாரம் பதில் வந்தது. அம்மாள் ஏழு துப்பாக்கிகளைத் தோளில் வைத்துப் பார்த்து, குட்டைக் கட்டையுள்ள ஒரு ‘7 எம்.எம். 08’-ஐ வாங்கினாராம். நூறு கஜத்தில் மூன்று குண்டுகளை ஓர் உள்ளங்கைக்குள் அடக்கிவிட்டாராம். மாக்னம் என்ன ஆயிற்று? நண்பர் அதைத் தமக்கென்று வாங்கிக் கொண்டார். ஆறு முறை சுட்டார். கடிதத்தின் எழுத்து வழக்கத்தைவிடக் கோணலாயிருந்ததற்குக் காரணம் அதுதானாம்; வலது தோளுக்கு மனைவி ஒத்தடம் கொடுத்து வருகிறார்.