தொட்டித் தண்ணீரும் நம் ஆய்வுக்கூடமும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - விலங்கியல்)

புதுச்சத்திரத்தில் எங்கள் வீட்டுப் புழக்கடையில் ஒரு பழைய சிமெண்டுத் தொட்டி உண்டு. தொட்டி என்று பெயரே தவிர, குட்டிக் குளம் என்றுதான் சொல்ல வேண்டும். மாடுகளுக்காகத் தாத்தா காலத்தில் கட்டியது. இன்று மாடு ஒன்றே ஒன்று. போர் தண்ணீர் வரும் நாளில் நிரப்பிவிட்டால் பல நாட்கள் அப்படியே நிற்கும். அடியில் ஒரு சாண் சேறு, சுவரெல்லாம் பாசி.

சென்ற ஐப்பசியில் ஒரு நாள் காலை, அம்மாயி என்னை அங்கே கூப்பிட்டார். சேற்றிலிருந்து தலையை நீட்டிச் செக்கச்செவேல் என்று மெல்லிய புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன.

"புழு பூச்சியெல்லாம் நீதானே சாமி படிக்கிறே? இது என்ன புழுவுனு சொல்லு. மாடு குடிக்கலாமா, ஆகாதா?"

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தெரியாது என்று சொல்ல நா எழவில்லை. "கொசுப்புழுவாத்தான் இருக்கும்" என்றேன். படித்த பிள்ளை சொன்னால் மறுபேச்சு ஏது? பிளீச்சிங் பவுடர் வந்தது, கொட்டியாயிற்று. மாலைக்குள் தொட்டியில் உயிர் என்று ஒன்று இல்லை. சிவப்புப் புழுக்களோடு தட்டானின் இளம்பூச்சிகளும் வயிறு மேலாக மிதந்தன.

அவை கொசுப்புழுக்கள் அல்ல. கைரோனமஸ் என்னும் கடிக்காத ஈயின் புழுக்கள். நம் இரத்தத்துக்குச் சிவப்பு தரும் ஹீமோகுளோபின் அவற்றின் உடலிலும் இருக்கிறது. காற்று குறைந்த சேற்றில் பிழைக்க அது உதவுகிறது. அழுகிய இலைதழையைத் தின்று வளர்ந்து பறந்துபோகும். அந்த ஈ பார்வைக்குக் கொசுவைப் போலவே இருக்கும். ஆனால் குத்தி உறிஞ்சும் குழல் அதற்குக் கிடையாது. இவையெல்லாம் எனக்குப் பின்னர் தெரிந்தவை. கையில் ஒரு லென்சை வைத்துக்கொண்டு, புத்தகத்தையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்து அறிந்தவை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நாங்கள் தொட்டியை அழித்த அன்று, அதற்கு நான்கு அடி தள்ளி ஒரு பழைய பெயிண்ட் டப்பாவில் மழைத்தண்ணீர் நின்றது. அதில் புழுக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அவையே உண்மையான கொசுப்புழுக்கள். அவை சிவப்பாக இல்லை, எனவே யாரும் கவனிக்கவில்லை. அந்த மாதமே என் தம்பி டெங்குக் காய்ச்சலில் ஐந்து நாள் படுத்தான். அந்தக் காய்ச்சல் அந்த டப்பாவிலிருந்து வந்தது என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது. வரவில்லை என்றும் சொல்ல முடியவில்லையே!

கொசுப்புழுவை இனம் காண்பது அப்படியொன்றும் கடினமான கலை அன்று. நீர்மட்டத்தோடு மட்டமாக, துரும்பு போலப் படுத்திருந்தால் அனாபிலிஸ். வால்பக்கக் குழலை மேலே வைத்துத் தலைகீழாகத் தொங்கினால் கியூலெக்ஸ் அல்லது ஏடிஸ். குழல் நீண்டு மெலிந்திருந்தால் கியூலெக்ஸ், குட்டையாகத் தடித்திருந்தால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட ஒரு லென்சைக் கொடுத்து இதைக் காட்டிவிடலாம்.

ரொனால்டு ராஸ் கதையை நாம் எல்லோரும் தேர்வுக்காகப் படித்திருக்கிறோம். மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டார், 1902-ல் நோபல் பரிசு பெற்றார், இவ்வளவுதான் விடைத்தாளில் வரும். அவர் ஏறத்தாழ இரண்டாண்டுகள் தவறான கொசுக்களையே அறுத்து அறுத்துப் பார்த்தார் என்பதை யார் எழுதுகிறோம்? கொசுக்களின் அறிவியல் பெயர்கள் அவருக்குத் தெரியாது. சாம்பல் நிறக் கொசு, வரிக் கொசு, இறக்கையில் புள்ளியுள்ள பழுப்புக் கொசு என்று தாமே பெயர் வைத்துக்கொண்டார். அந்தப் புள்ளி இறக்கைக் கொசுவைப் பிடித்த பிறகுதான், 1897 ஆகஸ்டு 20 அன்று செகந்திராபாத்தில் வழி திறந்தது. உசேன் கான் என்ற நோயாளியைக் கடிக்கவிட்டு, கொசு ஒன்றுக்கு ஓர் அணா கொடுத்தாராம்! பெயர் தெரியாவிட்டாலும் அவர் உற்றுப் பார்த்தார். நமக்கோ பெயர்கள் தெரியும், பார்த்துப் பழக்கமில்லை.

நம் செய்முறைத் தேர்வை எண்ணிப் பாருங்கள். சைக்ளாப்ஸ் வரும். எப்படி? சாயமேற்றிய, அசைவற்ற ஒரு கண்ணாடிச் சில்லாக. வரிசை எண்ணைப் பார்த்தே விடை எழுதுகிறவர்களும் நம்மில் உண்டு (யாரென்று சொல்லமாட்டேன்). அதே சைக்ளாப்ஸ் எங்கள் தொட்டியில், இரு பக்கமும் முட்டைப் பைகளைத் தூக்கிக்கொண்டு துள்ளித் துள்ளிப் போனபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. நெற்றியில் ஒற்றைக் கண்ணைக் கண்ட பிறகே "அட, இதுவா!" என்றேன்.

இந்தச் சிறு பிராணி நம் நாட்டில் செய்த கேடு கொஞ்சமா? நரம்புச் சிலந்தி நோயின் கிருமி இதன் உடலில்தான் தங்கும். அந்தத் தண்ணீரைக் குடித்தவரின் காலில் ஓராண்டு கழித்துக் கொப்புளம் வந்து, ஒரு மீட்டர் வரை நீளமுள்ள புழு வெளிவரும். மருந்தும் கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. இந்தியா அதை எப்படி விரட்டியது? பாதுகாப்பான குடிநீர், இறங்கி மொள்ளும் கிணறுகளை மாற்றியமைத்தல், அவற்றோடு துணியில் தண்ணீரை வடிகட்டுதல். கடைசி நோயாளி 1996 ஜூலையில் ராஜஸ்தானின் ஜோத்பூர் மாவட்டத்தில் கண்டறியப்பட்டார். 2000-ல் உலக சுகாதார நிறுவனம் நம் நாட்டுக்குச் சான்று வழங்கியது. எங்கள் அம்மாயி இன்றும் குடத்து வாயில் வெள்ளைத் துணி கட்டித்தான் தண்ணீர் பிடிப்பார். நான் அதைப் பழைய காலத்துப் பழக்கம் என்று சிரித்தவள்.

எல்லாப் புழுவையும் காப்பாற்றுங்கள் என்று நான் வாதாட வரவில்லை. டிரம்மிலும் டயரிலும் டப்பாவிலும் நிற்கும் தண்ணீரை இரக்கமின்றிக் கொட்டத்தான் வேண்டும். கொட்டினால் மட்டும் போதாது, சுவரைத் தேய்க்கவும் வேண்டும். ஏடிஸின் முட்டை காய்ந்த சுவரில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆனால் தட்டானும் நீர்ப்பூச்சியும் குடியிருக்கும் பழைய தொட்டி வேறு கணக்கு. கொசுப்புழுவைத் தின்பவை அவை. எங்கள் தொட்டியைக் கழுவி நிரப்பிய பத்தாம் நாள் அதில் கொசுப்புழு வந்துவிட்டது. தட்டானைக் காணோம்.

எனவே விலங்கியல் துறைப் பேராசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். முதல் பருவத்தின் முதல் செய்முறை வகுப்பில் கண்ணாடிச் சில்லை எடுக்குமுன், மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவரச் சொல்லுங்கள். உருப்பெருக்கிகள் போதாவிட்டால் நால்வருக்கு ஒன்று போதும். காண்பதை முதலில் தமிழில் எழுதட்டும்: எத்தனை கால், எப்படி நீந்துகிறது, அடியிலா மேலேயா என்று. இலத்தீன் பெயர் அடுத்த வாரம் வரட்டும்.

புதிய தண்ணீரில் இப்போது பச்சை நிறத்தில் ஏதோ ஒன்று சுழன்று சுழன்று நீந்துகிறது. கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிகிறது, லென்சுக்கும் பிடிபடவில்லை. அம்மாயி தினமும் கேட்கிறார். "இன்னும் தெரியல அம்மாயி" என்று சொல்லப் பழகிவிட்டேன். ஒரு பாட்டிலில் மொண்டு வைத்திருக்கிறேன். ஆய்வுக்கூடம் திறக்கும் திங்கட்கிழமை கொண்டுவருகிறேன்.